ஐந்து நிமிட வியாபாரி

போன கிழமை என் மகள் கைபேசியைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டினாள். பச்சையும் சிவப்புமாக வரிசைக்கு மெழுகுதிரி நட்ட மாதிரி ஒரு படம். ஏதோ கோயில் திருநாள் என்று நினைத்தேன். "இல்லையப்பா, இது விலை" என்றாள். பொய்க் காசு வைத்து வியாபாரம் பழகுகிறாளாம். வாங்கிய சூட்டோடு, சில நிமிடங்களுக்குள் விற்றால் அது ஸ்கால்ப்பிங். காலையில் வாங்கிப் பொழுதுபடுமுன் விற்று முடித்தால் டே ட்ரேடிங். சில நாள், சில கிழமை பொறுத்து விற்றால் ஸ்விங்.

"நீங்களும் ஒருக்கா அமத்திப் பாருங்கோ."

அமத்தினேன். ஒரு திரி சிவப்பானது. உடனே விற்றேன்.

"அப்பா! மூண்டு செக்கன்கூட ஆகேல்லை!"

காசுதான் பொய். எனக்கு வியர்த்தது உண்மை. என் பயத்துக்கென்று ஒரு மணம் உண்டு, நண்பரே: ஐஸ் உருகின தண்ணீரும் கட்டா மீனும் கலந்த மணம். எங்கள் ஊர்த் தாழ்வுபாட்டுக் கரையில், சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் என் உடம்பில் ஏறியது. சவர்க்காரத்தால் போகவில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. காலையில் படகுகள் கரை ஏறியதும் மணலில் மீனைக் கொட்டி ஏலம் கூறுவார்கள். நான் ஒரு ஓலைக் கடகம் நிறைய மீனை எடுத்து, மேலே றோட்டில் நிற்கும் கொழும்பு லொறிக்காரனுக்குக் கைமாற்றிவிடுவேன். அவனுக்கு மணலில் இறங்கப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். அந்தப் பஞ்சியில்தான் என் இலாபம். ஐஸ் வேண்டாம், பெட்டி வேண்டாம், முதல் காசுகூட அதிகம் வேண்டாம். கால் மட்டும் வேண்டும். ஒரு காலைக்குள் பத்துப் பன்னிரண்டு தரம் வாங்கி விற்பேன். ஒவ்வொரு தரமும் கிடைப்பது ஒரு பிளேன்ரீ குடிக்கிற காசு. ஏதாவது ஒரு கடகத்தில் கணக்குப் பிழைத்துப்போனால் அவ்வளவு பிளேன்ரீயும் ஒரேயடியாகக் கவிழும். இந்தத் தொழிலுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி ஓடியிருப்பேன்.

என் கூட்டாளி நசீர் வேறு ரகம். சிலாவத்துறைக்காரன், இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, சமாதானம் என்றதும் திரும்பி வந்து, ஒரு பழைய வானும் ஐஸ் போட நாலு றெஜிபோம் பெட்டியுமாகத் தொழில் தொடங்கியவன். காலையில் மொத்தமாக வாங்கி ஐஸ் போட்டு, முருங்கன் பக்கம் கொண்டுபோய் விலை கேட்டுக் கேட்டு விற்பான். மத்தியானம் விலை விழுந்தாலும் பதறமாட்டான், பின்னேரம் ஏறும் என்பான். ஆனால் பொழுதுபடச் சொல்லும் மஃரிபு பாங்குக்குமுன் பெட்டி காலியாகிவிட வேண்டும். நட்டமோ இலாபமோ, மிச்சம் வைக்கமாட்டான். "படுக்கைக்கு மீனைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது மச்சான்" என்பான்.

மூன்றாவது ரகம் சவிரிமுத்து ஐயா, கருவாட்டுக்காரர். மலிந்த நாளில் வாங்கி, வெட்டி, உப்புப் போட்டு, வெயிலில் கட்டிய பரணில் காயவைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துவிடுவார். விலை வரும்வரை கிழமைக் கணக்கில் இருப்பார். மழை இருட்டினால் நான் வானத்தையும் பரணையும் மாறி மாறிப் பார்ப்பேன். பரண் அவருடையது, அவரோ கொட்டாவி விடுவார்.

அவருடைய பரணை நான் ஏன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்கமாட்டீர்களா? அங்கே கருவாடு புரட்டிக்கொண்டிருந்தது அவர் மகள் ரீற்றா.

ஆள் அனுப்பிப் பெண் கேட்டேன். ஐயா ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அஞ்சு நிமிசத்துக்கு மேல ஒரு மீனைக் கையில வச்சிருக்கேலாதவன், என்ர பிள்ளையை எப்பிடியடா காலம் முழுக்க வச்சிருப்பாய்?"

தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. கத்தோலிக்க வீடுகளில் இறைச்சி இல்லாததால் மீனுக்கும் கருவாட்டுக்கும் நல்ல கிராக்கி. ஐயா நிபந்தனை வைத்தார்: என் காசில் கட்டா வாங்கி, அவர் பரணில் காயவைத்து, பொறுத்திருந்து நல்ல விலைக்கு விற்றுக் காட்ட வேண்டும். காட்டினால் கலியாணக் கதை கதைக்கலாம்.

வாங்கினேன். அந்த மூன்று கிழமையும் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வானத்தில் கொக்குப் போனாலும் மேகம் என்று நினைத்து ஓடுவேன். நாய் பரணைப் பார்த்தால் நான் நாயைப் பார்ப்பேன். நாளுக்கு மூன்று தரம் நிறுத்துப் பார்த்தேன். கருவாடு காயக் காய நிறை குறையும் என்ற சின்ன விஷயத்தை மறந்து, கள்ளன் புகுந்துவிட்டான் என்று கத்தினேன். ரீற்றா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

தவக்காலத்தின் கடைசிக் கிழமை, பெரிய கிழமை வந்தது. புதன்கிழமை கருவாட்டு லொறி வந்து நின்றது. ஐயா தன் கருவாட்டை முழுக்க ஏற்றிவிட்டார். ரீற்றா குனிந்த தலை நிமிராமல், "அப்பா விக்கிறார். நீங்களும் வித்துப்போடுங்கோ" என்றாள்.

இது சோதனையின் கடைசிக் கேள்வி என்று என் மூளை எனக்குச் சொன்னது. கணக்கும் சரியாகத்தான் இருந்தது: பெரிய வியாழன் தொடக்கம் பாஸ்கு, அதுதான் உயிர்த்த ஞாயிறு, முடியும்வரை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. பச்சை மீன் வராது. ஆகவே கருவாடு ஏறும்.

நசீர் வந்து பரணைப் பார்த்தான். "மச்சான், பயம் வரேல்லையா உனக்கு?"

"வருது. அடக்கிக்கொண்டிருக்கிறன்."

"ஏன்டா அடக்கிறாய்? இவ்வளவு நாளும் அதுதானே உனக்குச் சோறு போட்டது!"

கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்தரமாக வீரனாக நின்றேன்.

பாஸ்கு ஞாயிறு விடிந்தது. நாற்பது நாள் நோன்பு விட்ட ஊர். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் ஆடு, கோழி, பன்றி. மீன் வராதது சரி. மீன் வேண்டுமென்று கேட்கவும் ஆளில்லாமல் போகும் என்பதை, பிறந்த நாள் தொட்டு ஒவ்வொரு பாஸ்குவுக்கும் இறைச்சி தின்ற நான் யோசிக்கவில்லை. நான் கூப்பிட்டு விலை சொன்ன ஒருவர், "தம்பி, இண்டைக்குமா கருவாடு?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். லொறியும் அடுத்த கிழமைக்குத்தான். நசீர் மட்டும் இரக்கப்பட்டு இரண்டு கிலோ வாங்கினான். அதற்கும் விலை குறைத்தான்.

பின்னேரம் ஐயா வந்தார். நிறைந்த பரணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனடா விக்கேல்லை?"

"நீங்கள்தானே ஐயா வச்சிருக்கச் சொன்னியள்."

"விசரா, வச்சிருக்கிறது விக்கிறதுக்கடா!"

என் கலியாணம் அதோடு முடிந்தது என்று எழுந்தேன். அப்போது ரீற்றா குசினி வாசலுக்கு வந்தாள். தகப்பனுக்கு முன்னால் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"அவர் தன்ர பாட்டுக்கு ஓடி வித்துக்கொண்டிருந்தவர். நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தானே இவ்வளவு நட்டமும். இனி நட்டத்தில பாதி உங்கட. மற்றப் பாதி என்ர."

ஐயா தோளில் கிடந்த துவாயை உதறி மற்றத் தோளில் போட்டார். "மருமோனுக்குச் சோறு போடு" என்றார்.

நான் நட்டத்துக்கு விற்றதுபோக மிஞ்சியதைக் கலியாணம் முடிந்தும் தின்றோம். ஐயா, இப்போது மாமா, கரை முழுக்க என் கதையைச் சொல்லி, எனக்குப் பாஸ்குக் கருவாடு என்று பெயர் வைத்தார். படகில் வருகிறவன் கடலுக்குள் இருந்தே அப்படிக் கூப்பிடுவான். கோபித்துப் பார்த்தேன், பலிக்கவில்லை. பிறகு திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

மாமா போய்விட்டார். பரண் இருந்த இடத்தில் இப்போது கூலர் வண்டிகள் திரும்புகின்றன. படகு வருமுன்னமே கொழும்பு விலை எல்லாருடைய கைபேசிக்கும் வந்துவிடுகிறது, ஓடுவதற்கு ஒன்றுமில்லை. நசீர் புத்தளத்தில் மகனோடு இருக்கிறான். நான் சில காலைகளில் சும்மா கரைக்குப் போய் நிற்பேன். பாஸ்குக் கருவாடு என்று கூப்பிட ஒருவருமில்லை, பொடியள் எல்லாரும் மரியாதையாக "அங்கிள்" என்கிறார்கள். அதைவிடப் பெரிய நட்டம் அந்தக் கரையில் எனக்கு வந்ததில்லை.