சாய்ந்து நின்ற இறக்கை

"குனிஞ்சு வாங்க, பல பேர் மண்டையைப் பதம் பார்த்த உத்தரம் இது" என்றபடி அலெய்டா ஏணியேறுகிறாள். வார நாட்களில் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். சனிக்கிழமை மட்டும் மதில்மேட்டுக் காற்றாலையின் சொந்தக்காரி மாதிரி நடந்துகொள்வாள். கோட்டுப் பையில் எப்போதும் அதிமதுர மிட்டாய். காற்று நன்றாக இருந்தால் பார்வையாளருக்கும் கிடைக்கும். இல்லாவிட்டால் தானே மென்று தீர்ப்பாள்.

இடி விழுந்து ஆலையின் தலை எரிந்தது, சுற்றிலும் வீடுகள் உயர உயரக் காற்றுக்காக இரண்டு மாடி கூட்டிக் கட்டியது எல்லாம் நேற்று அடுத்த தெருவில் நடந்த மாதிரி அவள் வாயில் வரும். இறக்கைகளைக் காட்டும்போது மட்டும் குரல் இறங்கும். ஆலைக்காரர் அவற்றை நிறுத்திவைக்கும் நிலைதான் ஊருக்குச் சேதி. மேல் இறக்கை உச்சிக்குச் சற்று முன்னால் நின்றால் கல்யாணம்; உச்சியைத் தாண்டிச் சாய்ந்தால் சாவு. போரில் ஊரைக் கைப்பற்றிய ஜெர்மானியர் ஆண்களை வேலைக்குப் பிடித்துப்போன காலத்தில் அந்தச் சாய்வுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்தது: சிப்பாய் வருகிறான், ஒளிந்துகொள்.

"போரோட கடைசி நவம்பர்ல ஆலைக்கார டியூனிஸ் றெக்கையைச் சாய்ச்சார். தெருவே நிலவறைக்குள்ள போயிடுச்சு. சிப்பாய்ங்க வந்து பார்த்தா ஒரு ஆம்பளை இல்ல! எங்கப்பாவும் அப்படித் தப்பினவர்தான்."

போன சனிக்கிழமை கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்கப்பா யாரையும் எச்சரிக்கலம்மா."

டியூனிஸின் மகள் நேல். கல்யாணமாகிக் கனடா போனவள், எண்பத்தேழு வயதில் ஊர் பார்க்க வந்திருந்தாள்.

"என் தம்பி ஆரி தொண்டை அடைப்பான்ல போயிட்டான். அதுக்குத்தான் சாய்ச்சார். ஊர் வேற மாதிரி எடுத்துக்கும்னு அவருக்குத் தோணவே இல்ல. சிப்பாய்ங்க அன்னைக்கே வந்தது தற்செயல். மாவு அரைக்க ஆள் வேணும்னு அப்பாவை மட்டும் விட்டுட்டாங்க."

"அப்போ வீரக்கதை இல்லையா?" என்ற ஓர் ஆளை அவன் மனைவி முழங்கையால் இடித்தாள்.

அந்தத் தெருவில் சவப்பெட்டி தூக்குவது பக்கத்து வீட்டுக் கடமை. பக்கத்து வீடு அலெய்டாவின் அப்பாவுடையது.

"பெட்டியை யார் தூக்கினாங்க, நேல் அத்தை?"

"அப்பாவும் அம்மாவும்தான். பின்னால நான் ஒருத்தி."

"எங்கப்பா மேல கோவமா?"

"ரொம்ப வருஷம் இருந்துச்சு. அவர் வந்திருந்தா நீ பொறந்திருப்பியோ என்னவோ, போ!"

வெளியே அருமையான காற்று. அலெய்டா பிரேக் கயிற்றை இழுத்து ஆலையை நிறுத்தினாள். கூட்டத்தை இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

"எந்தப் பக்கமா கொண்டுபோனாங்க?"

நேல் கால்வாய்ப் பக்கம் கைத்தடியை நீட்டிவிட்டு நடக்கத் தொடங்கினாள். பாலத்தருகே நின்று, கூட வா என்று கையசைத்தாள். அலெய்டா தலையை ஆட்டி மறுத்து, பெட்டிக்குப் பின்னால் போகிறவர்களைப் போல, இரண்டடி தள்ளியே நடந்தாள்.