காயாத பொன்

சுவிஸில், ஓல்டனில் இருக்கிற கொறற்றி அக்கா பதினொரு வருசமாய் ஒரு பழம்பொருள் வியாபாரியின் வீட்டைத் துப்புரவாக்குகிறா. துப்புரவுக் கொம்பனி அனுப்புகிற ஆள்தானே என்று, அந்த மனிசன் அவவின் பேரைக்கூட ஒருநாளும் கேட்டதில்லை.

ஆயிரம் வருசப் பழசென்று விற்க அவர் விலைபேசிக்கொண்டிருந்த கிரேக்கச் சுவிசேஷப் புத்தகம் நேற்று மேசையில் விரிந்து கிடந்தது. வேதப்புத்தகத்தைக் கண்டால் அக்காவின் கை சும்மா இருக்குமோ? பொன் பூசிய இயேசுவின் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனா. விரலில் பொன் ஈரமாய் ஒட்டியிருந்தது. ஆயிரம் வருசமாய்க் காயாத பொன்னும் உண்டோ?

நிமிர்ந்தா. வியாபாரி வாசலில் நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை அக்கா ரயிலுக்குப் போகத் தன் மாடிவீட்டிலிருந்து இறங்கி வந்தபோது, வியாபாரியின் கார் கீழே வாசலில் நின்றது. கதவைத் திறந்து பிடித்தபடி, சிரித்த முகத்தோடு சொன்னார்:

"ஏறுங்கோ, கொறற்றி."