தோழியின் இதயத்தைத் திரையில் பார்த்த காலை

இதயத் தொழில்நுட்பவியலாளர் பயிற்சிக்குக் கண்டியில் சேர்ந்தபோது, அது என்ன வேலை என்று தெல்தோட்டையில் இருந்த அம்மாவுக்கு என்னால் விளங்கவைக்க முடியவில்லை. "நெஞ்சைப் படம் புடிக்கிற வேல" என்று அவரே ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்து தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பாதி சரிதான். முதலில் ஈ.சி.ஜி. எடுக்கப் பழகினோம். பிறகு எக்கோ வந்தது. நெஞ்சில் ஜெல் தடவி, கைக்குள் அடங்கும் ஒரு கருவியை வைத்து அழுத்தினால், துடிக்கிற இதயம் திரையில் தெரியும்.

பார்த்ததை நோயாளியிடம் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு அழுத்திச் சொல்லப்பட்ட விதி. சொல்வது வைத்தியரின் பொறுப்பு. அரைகுறையாகப் பார்த்துவிட்டு நாம் உதிர்க்கும் ஒரு சொல் ஒருவரின் தூக்கத்தைக் கெடுத்துவிடும். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

என்னோடு பயின்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணும் நானும் நகரத்துக்கு மேலே, ஏற்றமான ஒரு வீதியில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். மாலையில் அந்த ஏற்றத்தில் அவள் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். "எங்கட ஊரில எங்க மலை இருக்கு, ஏறிப் பழக?" என்று சிரிப்பாள். நானும் நம்பினேன். மலையில் பிறந்தவர்களுக்குச் சமதரைக்காரர்கள்மேல் ஒரு சின்ன இளக்காரம் உண்டு.

நோயாளிகள்மேல் கைவைக்குமுன் எக்கோவை எங்களுக்குள்ளேயே பழக வேண்டும். ஒரு காலையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு அவள் இடப்பக்கம் சரிந்து படுத்தாள். நான் கருவியைப் பிடித்தேன். இதயத்தின் நான்கு அறைகளும் சேர்ந்து தெரியும் காட்சி அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாகக் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் படத்தை உடனே கவனிக்கவில்லை. பிறகுதான் பார்த்தேன். வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடப் பெருத்திருந்தது. என் கோணம் பிழையென்று நினைத்து, அவளை மல்லாந்து படுக்கச் சொல்லி, விலாவுக்குக் கீழேயிருந்து பார்த்தேன். மேலறைகள் இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் சுவர் இல்லை. இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் பொத்தானை அழுத்தினேன்; அதன் வழியே சிவப்பாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஏன் கதைக்காமல் இருக்கிறீர்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, படம் சரியா வரல. மிஸ்ஸக் கூப்பிடுறேன்."

"கூப்பிடும். அதுக்கு முதல் திரையை இங்கால திருப்பும். என்ர இதயம்தானே?"

திருப்பினேன். நெடுநேரம் பார்த்தாள். "ஓம், ஓட்டைதான்" என்றாள், பாடம் ஒப்பிப்பதுபோல. பிறகு அவள் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டது.

எங்கள் பயிற்சிப் பொறுப்பாளரான மிஸ் வந்து எல்லாக் கோணங்களிலும் தானே பார்த்தார். பயப்படாதே என்று சிங்களத்தில் சொல்லி, அவள் நெற்றியைத் தடவிவிட்டு வைத்தியரை அழைக்கப் போனார்.

அது பிறவியிலேயே இருந்த துவாரம். நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை, தொடையிலிருந்து இரத்தக் குழாய் வழியாக ஓர் அடைப்பானைக் கொண்டுபோய் மூடலாம் என்றார் வைத்தியர். ஊரிலிருந்து வந்த அவள் அம்மா, "பெத்த எனக்கே தெரியேல்லையே, பிள்ளை" என்று என்னிடம் அழுதார். தினமும் பக்கத்தில் நடந்த எனக்கும்தான் தெரியவில்லை. தேத்தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன்.

சிகிச்சையின்போது கூட இருக்க எனக்குப் பயமாயிருந்தது. அவள்தான், "நீர் நில்லும். தெரிஞ்ச முகம் ஒண்டு வேணும்" என்றாள். சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பொறுப்பாளர் அருகிலிருந்து அவள் துடிப்பைக் கவனிப்பது என் வேலை. உள்ளே போன கம்பி இதயச் சுவரில் பட்டபோது துடிப்பு தாறுமாறானது. உரக்கச் சொன்னேன். என் குரல் நடுங்காதது எனக்கே ஆச்சரியம். வைத்தியர் கம்பியைச் சற்றுப் பின்னிழுத்தார். துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் அடைப்பான் குடைபோல விரிந்து, துவாரத்தில் உட்கார்ந்தது.

அவள் ஊரில் ஓய்வெடுத்துவிட்டு, அடுத்த பிரிவினரோடு பரீட்சை எழுதினாள். இப்போது வடக்கில் ஓர் ஆஸ்பத்திரியில் இதே வேலை செய்கிறாள்.

நான் கண்டியிலேயே இருக்கிறேன். விதியை மீறுவதில்லை. ஆனால், படுத்திருப்பவர்கள் திரையைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள் என்பது இப்போது தெரியும். சென்ற வாரம் குண்டசாலையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா, "எப்பிடி மகள் ஈக்கி?" என்று தன் இதயம் எப்படி இருக்கிறதென்று கேட்டார்.

"டொக்டர் பாத்துட்டுச் சொல்லுவாரு உம்மா. அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

அவர் படத்தில் பயப்படும்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை.