ஒற்றைக் கையால் மூடியபோது

தொழிற்சாலையில் அவளுக்கு 'டிக் மேடம்' என்று பெயர். மிக்ஸி ஜாரின் மூடி பூட்டிக்கொள்ளும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். அது அவள் மனதுக்குப் பிடித்தபடி வரும்வரை யாரையும் வீட்டுக்குப் போக விடமாட்டாள். அவள் தலை தெரிந்தாலே சோதனை அறைக்காரர், "காதைத் துடைச்சுக்குங்கப்பா, டிக் மேடம் வர்றாங்க" என்று குரல் கொடுப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புக்கு அடியில் எப்போதும் ஒரு பயம் படுத்திருக்கும். விருந்துக்குப் போன வீட்டிலும் முதலில் அடுக்களைக்குள் நுழைந்து கைப்பிடிகளை ஆட்டிப் பார்ப்பாள். ஒன்று லேசாக ஆடினாலும் அன்று அவளுக்குச் சோறு இறங்காது. முகம் தெரியாத யாரோ ஒருத்தி, தான் வரைந்த பொருளை நம்பிக் கையை வைக்கிறாளே என்ற நினைப்பு அவளை நிம்மதியாக இருக்கவிட்டதே இல்லை.

கை என்றால் அவளுக்கு அக்காவின் கைதான். தாயை இழந்த குழந்தையைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அக்காவுக்கு இடது கை விளங்காமல் போயிற்று. மிச்சமிருந்த அந்த வலது கை ஒன்றுதான் தங்கைக்குத் தலை வாரியது, ஊட்டிவிட்டது, பாடம் படிக்காதபோது காதைத் திருகியது. அந்தக் கை மட்டும் இல்லையென்றால் அவளுக்கு இந்தப் படிப்பு ஏது, வேலை ஏது?

புது மிக்ஸி முழுக்க முழுக்க அவளுடைய வடிவமைப்பு. மூடியின் வலப்பக்கம் ஒரு கொக்கி, இடப்பக்கம் ஒரு கொக்கி. இரண்டும் மாட்டினால்தான் மூடி அசையாமல் நிற்கும். கொக்கி மாட்டினால்தான் பச்சை விளக்கு எரியும், பொத்தானைத் தட்டினால் மோட்டார் ஓடும். அதைக் கவனிக்கும் சின்ன ஸ்விட்ச் பழைய மாடலில் இரண்டு பக்கமும் இருந்தது. இடத்தை அடைக்கிறதென்று இடப்பக்க ஸ்விட்சை எடுத்தவள் அவள்தான். இரண்டு கொக்கிகளும் ஒன்றாகத்தானே விழுகின்றன, ஒரு பக்கம் பார்த்தால் போதாதா என்று நினைத்தாள்.

ஒன்றாகத்தான் விழுந்தன, சோதனை அறையில். அங்கே மேசையில் மஞ்சள் வண்ணத்தில் இரண்டு உள்ளங்கைகள் வரைந்திருக்கும். மூடியை இரண்டு கையாலும் அழுத்த வேண்டும் என்பது அந்த அறையின் விதி. எத்தனை வருடப் பழக்கம்! அங்கே யாருக்கும் வேறு மாதிரி மூடவே தெரியாது.

முதலில் தயாரான மிக்ஸிகளை ஊழியர்களே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்திப் பார்த்து, குறை இருந்தால் சொல்வது வழக்கம். அவள் தன்னுடையதை அக்காவிடம் கொடுத்தாள். யார் வீட்டிலிருந்தும் ஒரு குறையும் வரவில்லை. கடைகளுக்கு அனுப்ப லாரியில் பெட்டிகள் ஏறத் தொடங்கின.

அன்று மதியம் சோதனை அறைக்காரர் அவள் கையில் டீயைக் கொடுத்தார். இடது கையில் டம்ளரைப் பிடித்தபடி, ஏதோ நினைப்பில், வலது கையால் ஒரு ஜாரை மூடினாள். 'டிக்.' பச்சை விளக்கு எரிந்தது. பொத்தானைத் தட்டினாள்.

மூடி நடுங்கியது. கொக்கி மாட்டாத இடப்பக்கம் துள்ளி, கதவு திறப்பதுபோல் திறந்துகொண்டது. தண்ணீர் முகத்தில் அடித்தது. உள்ளே பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சை விளக்கு ஒன்றும் நடக்காததுபோல் எரிந்தது.

சோதனை அறைக்காரர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். "என்ன மேடம் நீங்களே இப்படி? ரெண்டு கையையும் வைக்கலையே!"

அவள் போனைத் தேடி எடுத்தாள்.

"என் அக்காவுக்கு ஏதுங்க ரெண்டு கை?"

அக்காவுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. டீ டம்ளரை எங்கே வைத்தாள் என்றுகூட அவளுக்கு நினைவில்லை. டாக்ஸியில் ஏறினாள். ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு விளக்கு ரத்தமாகவே கண்ணில் பட்டது. 'கடவுளே, என் கையை எடுத்துக்கொள், அவள் கையை விட்டுவிடு' என்று வாய் முணுமுணுத்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்த டிரைவர், "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்று கேட்டார். அவள் மறுபடியும் அக்காவின் எண்ணை அழுத்தினாள்.

படியேறும்போதே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. கதவை இடித்தாள்.

அக்கா திறந்தாள். "என்னடி குட்டி, போலீஸ் மாதிரி கதவை உடைக்கிற? மிக்ஸி சத்தத்துல ஒண்ணும் கேக்கலடி."

உள்ளே ஓடிக்கொண்டிருந்தது பழைய மிக்ஸி. புதியது அலமாரியின் மேல்தட்டில், துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. அக்கா வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தாள்.

"கையைக் காட்டு."

"ஈரமா இருக்குடி."

"காட்டுக்கா!"

துண்டைப் பிடுங்கினாள். இரண்டு விரல்களில் கட்டு.

"வெங்காயம் நறுக்கும்போது கத்தி பட்டுடுச்சு. இதுக்குப் போய் இப்படிப் பாக்கற?"

"கத்தியை எந்தக் கையில பிடிச்ச?"

வலது கையில் கத்தி பிடிக்கிறவளுக்கு வலது கை விரலில் எப்படி வெட்டு விழும்?

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நகத்தோட போச்சுடி. மூடி தூக்கிச்சு, பிடிக்கப் போனேன், அவ்வளவுதான். என் கைதான் சரியில்லன்னு நினைச்சேன். நீ மொத மொதல்ல முழுசா செஞ்ச பொருள். அதைப் போய் எப்படிடி குறை சொல்றது?"

அப்போதுதான் அவளுக்குப் பெரிய பயம் வந்தது. அக்கா சொல்லவில்லை. அப்படியென்றால் மற்ற வீடுகளில்?

தொழிற்சாலைக்குத் திரும்பியபோது கடைசி லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். மேலாளர் ஓடிவந்தார்.

"என்ன மேடம், சினிமாவா எடுக்கறோம்? தள்ளுங்க!"

"ஒரு பெட்டியும் வெளிய போகக்கூடாது சார். தப்பு என்னோடது. வேலையை விட்டு எடுத்தாலும் எடுத்துக்குங்க."

"இத்தனை பேர் சோதிச்சிருக்காங்க. ஒருத்தருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

அவரைச் சோதனை மேசைக்கு அழைத்துப் போனாள். அவர் கைகள் பழக்கத்தில் மஞ்சள் உள்ளங்கைகளின் மேல் போய் நின்றன. "இல்ல சார். போனைக் காதுல வச்சுப் பேசிக்கிட்டே மூடுங்க. வீட்டுல எல்லாரும் அப்படித்தான் மூடுவாங்க."

அவர் அலட்சியமாக மூடினார். 'டிக்.' பொத்தானைத் தட்டினார். மூடி திறந்து துள்ள, அதை அமுக்கப் போன அவர் கையை அவள் தட்டிவிட்டாள். ஒரு நூல் இடைவெளி. பிளேடு அவர் விரலைத் தொடவில்லை.

மேலாளரின் முகம் வெளுத்துப்போயிற்று. காதிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். "என் மிக்ஸி என் பொண்ணு வீட்டுல... அவ ஒரு கையில குழந்தையை வச்சுக்கிட்டுத்தான் சமைப்பா" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அடுத்த நிமிடம் அந்தக் கூடத்தில் எல்லார் கையிலும் போன். எல்லார் காதிலும் மணி. இயந்திரங்கள் நின்ற அமைதியில் அந்த மணிச் சத்தம் மட்டும் கேட்டது. எடுக்கமாட்டார்களா, எடுக்கமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமும் தவித்தது. பிறகு ஒரு மூலையிலிருந்து ஒரு குரல் உடைந்தது. "அம்மா? மிக்ஸியைத் தொடாதம்மா! அப்படியே விட்டுடு!" இன்னொரு குரல். இன்னொன்று. மேலாளருக்குத்தான் கடைசியில் போனை எடுத்தார்கள். மகள் "என்னப்பா?" என்று கேட்டதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கின. இடப்பக்க ஸ்விட்ச் மூடிக்குத் திரும்பி வந்தது. மேசையிலிருந்த மஞ்சள் உள்ளங்கைகளில் ஒன்றை அவளே சுரண்டி எடுத்தாள். வேலை போகவில்லை. தூக்கம்தான் பல நாள் போயிற்று.

அக்காவின் கட்டுப் பிரிந்த பிறகு புது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனாள். அக்கா மூடியைக் கையில் எடுத்ததும், தங்கை பிளக் பக்கத்தில் போய் நின்று அதைப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளிப் போடி பயந்தாங்கொள்ளி. நீ நிக்கிற நிலைல எனக்கே பயமா இருக்கு."

அக்கா ஒற்றைக் கையால் அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. கையை நகர்த்தி இடப்பக்கமும் அழுத்தினாள். பச்சை. மிக்ஸி ஓடியது, நின்றது. மூடி அசையவில்லை.

"சொல்லுக்கா."

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "இடது பக்கம் இறுக்கமா இருக்குடி. விரல் வலிக்குது" என்றாள்.

தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கினாள், மூடியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள், மறுபடியும் தொழிற்சாலைக்குக் கிளம்பினாள்.