சாம்பிராணி என்று நினைத்த புகை

லட்சுமணனைப் பற்றிய பேச்சு முதலில் வந்தது நசரத்பேட்டையில், என் தங்கை அன்னம்மாள் வீட்டில். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அன்னம்மாள் மகள் சுதா அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். உள்ளே நுழையும்போதே சிரிப்பு.

"கேமரா ரூம்ல லட்சுமணன்னு ஒருத்தர் கீறாரு பெரிம்மா. நான் கேட்டுல நுழையறேன், அவரு வாட்ச்மேனுக்கு போன் போட்டு, அந்தப் பொண்ணு ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு மாட்டிகினு வருது, சொல்லுன்றாரு."

"மாட்டிகினுதான் போனியா?"

"ஆமா. நெசந்தான்."

"எந்த லட்சுமணன்? கொரட்டூர் வேம்புலி மவனா?" என்றேன். வேம்புலி பெண்சாதி அங்கம்மா எங்கள் சின்ன மாமனுக்குக் கொழுந்தியாள் மகள். மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன், முறை சரியாக வந்தது. அன்னம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அடுத்த தையில் கல்யாணம்.

கொரட்டூரில் ஏரிப் பக்கம், மாடி வீடு. ஆனால் கம்பெனியில் அவனுக்கு ஒரு ஷிப்ட், அவளுக்கு ஒரு ஷிப்ட். அவள் வரும் நேரம் அவன் கிளம்பும் நேரம். கேட்டுக்குள் நுழையும்போது சுதா கேமராவைப் பார்த்து ஒரு கையைத் தூக்குவாள். அதைப் பார்த்த பிறகுதான் அவன் நாற்காலியை அடுத்த ஆளுக்கு விடுவான். "எங்க குடித்தனமே டிவியிலதான் பெரிம்மா நடக்குது" என்பாள்.

ஆயுத பூஜை அன்று மட்டும் எல்லா ஷிப்டும் ஒன்றாக வரும். அதனாலேயே அந்த நாளை இரண்டு பேரும் எதிர்பார்த்துக் கிடப்பார்கள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. மெஷின் மெஷினாகச் சாம்பிராணி காட்டுவார்கள், கற்பூரம் கொளுத்துவார்கள். புகை பட்டால் ஃபயர் பெல் அடித்துத் தொலைக்கும். அதனால் வாட்ச்மேன் மணவாளன் காலையிலேயே பெல்லின் சத்தத்தை நிறுத்திவிடுவார். வருஷா வருஷம் அப்படித்தான். ஃபயர் பெல் பெட்டி கேட்டில். கேமரா லட்சுமணன் அறையில். கார்டு காட்டித் திறக்கிற கதவுகளின் கணக்கு மேலே ஆபீசில். ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது.

அந்த வருஷம் பேக்கிங் ஷெட்டில் விளக்கு சாய்ந்து அட்டைப்பெட்டியில் தீப்பிடித்தது. கேட்டில் ஃபயர் பெல் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தமில்லை. மணவாளன் பொரி வாங்கப் போயிருந்தார். லட்சுமணன் திரையில் புகையைப் பார்த்தான். பூஜை பேக்கிங்குக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். தாம்பாளம் எடுக்க உள் அறைக்குப் போன சுதா அங்கேயே மாட்டிக்கொண்டாள். கதவை உடைத்துத்தான் தூக்கி வந்தார்கள்.

உயிர் தப்பியது. நெஞ்சுதான் பழையபடி ஆகவில்லை. தூசு ஆகாது, படி ஏறினால் மூச்சு வாங்கும். கொஞ்ச நாளைக்கு என்று அம்மா வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் கம்பெனிக்காரர்கள் நிர்மல் என்ற இன்ஜினியரை வைத்து ஒரு சாஃப்ட்வேர் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்த லட்சுமணனிடம், அது என்ன பண்ணும் என்று கேட்டேன்.

"வெளிநாட்டுல ஏர்போர்ட்டு, ஹார்பரு மாதிரி பெரிய எடத்துல, கேமரா ஒரு கம்பெனி, கதவு ஒரு கம்பெனி, பெல் ஒரு கம்பெனின்னு வாங்கி மாட்டிட்டாங்களாம் பெரியத்தை. நடுவுல ஒக்காந்தவன் எதைப் பாக்கறதுன்னு முழிச்சிகினு இருந்தானாம். எல்லாத்தையும் ஒரே எடத்துல பேச வைக்கணும்னு அப்போ செஞ்சதாம் இது. நிர்மல் சார் சொன்னாரு. இப்போ புகை பட்டா அந்த எடத்துக் கேமரா தானா முன்னாடி வந்து நிக்கும். உள்ள யாரு கீறாங்கன்னு பேரு காட்டும். பெல்ல நிறுத்தினாலும், நிறுத்திகீதுன்னு சொல்லிகினே இருக்கும். ஒரு ஆள் போய்ப் பாத்து சொல்றவரைக்கும் செவப்பு போவாது."

சுதா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அப்போ இருந்திருந்தா, என் பேரக் காட்டியிருக்கும்."

"காட்டியிருக்கும்" என்றான்.

போன ஆயுத பூஜைக்கு, வேலை முடிந்ததும் பொரி பொட்டலத்தோடு நேராக அன்னம்மாள் வீட்டுக்கு வந்தான். புகை காட்டிய ஒவ்வொரு இடத்துக்கும் மணவாளனை ஓட விட்டிருக்கிறான். "இன்னா நைனா, சாம்பிராணிக்கெல்லாம் என்னை ஓட்டறே" என்று அவர் சலித்துக்கொண்டாராம். "போய்ட்டு வா அண்ணாத்தே" என்று விடாமல் அனுப்பினானாம்.

சுதா கேட்டாள். "அதுல என் பேரு இன்னும் கீதா?"

"கார்டை எடுத்துட்டாங்க."

"நீயும் எடுத்துட்டியா?"

அவன் பொரி பொட்டலத்தின் நூலைப் பிரித்தான். "பேக்கிங் ஆளுங்க வண்டி வந்து எல்லாரும் உள்ள போனப்புறந்தான் இன்னமும் தெனம் சேரை விட்டு எழுந்திருக்கறேன்."

"அங்க யாரைத் தேடறே? நான் இங்க கீறேன். கூட்டிகினு போயேன்."

"அது மாடி ஊடு. உனக்கு மூச்சு வாங்கும்."

"கொரட்டூர்ல கீழ் ஊடே கெடையாதா?"

மாடிப்படியா காரணம்? அன்றைக்குத் திரையில் பார்த்த புகைதான் என்று எனக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ சாம்பிராணின்னு நெனச்சே. நானும் உள்ள நின்னுகினு மொதல்ல சாம்பிராணின்னுதான்யா நெனச்சேன். வாசனைகூட வந்தாப்ல இருந்துது."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தான். பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது சுதா வாசலில் நின்று ஒரு கையைத் தூக்கினாள்.

கீழ் வீடு தேடுவதாகப் போனில் சொல்கிறான். சுதா புடவைகளை மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறாள். லட்சுமணன் இப்போது பகல் ஷிப்டில் இருக்கிறான். கொரட்டூரில், அதே மாடி வீட்டில், தனியாக.