எண்ணெய் தேய்த்த மார்பும் ஒரு பொட்டலம் கடலை மாவும்

போன வருடம் குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் டாக்டராக இருக்கிறேன். சீசன் வந்துவிட்டால் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பாறையில் வழுக்கி விழுந்தவர், குரங்கிடம் கடி வாங்கியவர், ராத்திரி தின்ற பரோட்டா ஒத்துக்கொள்ளாதவர் என்று வாசலில் ஆட்டோ வந்து நின்றுகொண்டே இருக்கும்.

சீசனுக்குச் சற்று முன்புதான் தென்காசியில் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வார்டு ஊழியர்களுக்கும் அவசர சிகிச்சைப் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. இடம் ஒரு கல்யாண மண்டபம். அதற்கு முந்தின நாள் அங்கே யாருக்கோ வளைகாப்பு நடந்திருந்தது. ஜரிகைத் தோரணத்தைக்கூட அவிழ்க்கவில்லை. மணமக்கள் உட்காரும் மேடையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைப் படுக்க வைத்து, அதன் நெஞ்சை அமுக்கச் சொன்னார்கள். சொல்லிக் கொடுத்த பெண் டாக்டர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். வசதி குறைந்த நாடுகளுக்கெல்லாம் போய் டாக்டர்களுக்கு இதைக் கற்றுக் கொடுப்பதுதான் அவருக்கு வேலை. இத்தனை வருடம் வைத்தியம் பார்த்தவளை மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்களே என்று எனக்குள் ஒரே புகைச்சல்.

அந்தப் பெண்ணோ விடுகிற ஆளாக இல்லை. "மெஷின் இல்லை, வசதி இல்லைன்னு என்கிட்ட சொல்லாதீங்க. ரெண்டு கை இருக்குல்ல? அமுக்குங்க" என்று முட்டி தேய அமுக்க வைத்தார். அமுக்குகிறவர் களைத்தால் அடுத்தவர் எப்படி மாற வேண்டும், யார் மருந்து போட வேண்டும், யார் வாய்விட்டு எண்ண வேண்டும் என்று அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். என்னோடு வந்திருந்த எங்கள் மருத்துவமனை நர்ஸ், இலத்தூர்க்கார சிஸ்டர், மத்தியானச் சாப்பாட்டில், "மேடம், இன்னைக்கு ராத்திரி கனவுலயும் இந்தப் பொம்மைதான் வரும்" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த ஞாயிறு காலை ஆட்டோவில் வந்தவர் வாசுதேவநல்லூர் பக்கத்து விவசாயி. ஐம்பதைத் தாண்டிய, நல்ல வாட்டசாட்டமான மனிதர். கூட மனைவியும் மனைவியின் அண்ணனும். முந்தின நாளே வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். அருவியில் எண்ணெயோடு குளிக்கக் கூடாது என்று தடை இருப்பதால், அறையிலேயே எண்ணெய் தேய்த்து, கடலை மாவு போட்டுக் குளித்துவிட்டு, அப்புறம் அருவிக்குப் போவதாகத் திட்டம். தேய்த்துவிட ஆளும் வந்திருக்கிறார்.

"விடியக்காலமே நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாவ டாக்டரம்மா. வாய்வுதான், எண்ணெ தேச்சா போயிரும்னு அவியளே சொல்லிட்டு, நெஞ்சுல இன்னும் நல்லா அமுக்கித் தேய்க்கச் சொன்னாவ. தேச்சு முடிச்சு எந்திரிச்சவிய அப்படியே சரிஞ்சிட்டாவ" என்று அந்த அம்மா சொல்லி முடிப்பதற்குள் நான் அவர் கழுத்தில் விரலை வைத்துவிட்டேன். நாடி இல்லை. மூச்சும் இல்லை.

ஆட்டோவிலிருந்து அவரை இறக்குவதே பெரும்பாடாகிவிட்டது. தலை முதல் கால் வரை எண்ணெய். தோளைப் பிடித்தால் வழுக்குகிறது, காலைப் பிடித்தால் நழுவுகிறது. எங்கள் வார்டு உதவியாளர் அண்ணாச்சியும் ஆட்டோக்காரரும் கடைசியில் ஒரு போர்வையில் சுருட்டித்தான் உள்ளே கொண்டு வந்தார்கள். கட்டிலில் போட்டதும் அண்ணாச்சி நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். அவரும் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு வந்து பயிற்சி எடுத்தவர்தான். ஆனால் நாலு தடவை அமுக்கியதும் அவர் கை சறுக்கி வயிற்றுக்குப் போய்விட்டது. ஒரு துணியை மடித்து நெஞ்சில் போட்டு, அதன் மேல் அமுக்கச் சொன்னேன். இப்போது கை நின்றது.

சிஸ்டர் இதயத் துடிப்பைப் பார்க்கும் மெஷினைக் கொண்டு வந்தார். ஷாக் கொடுப்பதும் அதே மெஷின்தான். மார்பில் இரண்டு பட்டைகளை ஒட்டினால்தான் அது வேலை செய்யும். ஒட்டினார். பட்டை அப்படியே வழுக்கிக்கொண்டு அக்குள் வரை போனது. எடுத்து மறுபடி ஒட்டினார். மறுபடியும் போனது.

"ஒட்ட மாட்டுக்கு மேடம். பசை பூரா எண்ணெயாயிட்டு. இனி இன்னொரு ஜோடிதான் இருக்கு" என்றார் சிஸ்டர். சொல்லிக்கொண்டே, எண்ணெய் போகட்டும் என்று அலமாரியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துத் திறக்கப் போனார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் போட்ட சத்தத்தில் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. ஸ்பிரிட் காய்வதற்குள் ஷாக் கொடுத்தால் ஒரு பொறி போதும், பக்கத்தில் ஆக்சிஜன் வேறு ஓடுகிறது. நெஞ்சே தீப்பிடித்துக்கொள்ளும். ஷாக் கொடுக்கும்போது ஸ்பிரிட் கிட்டேயே வரக் கூடாது என்று அந்தச் சின்னப் பெண் மண்டபத்தில் எங்கள் காதைத் துளைத்திருந்தார்.

மனைவியின் அண்ணன் தோளில் ஒரு துண்டு கிடந்தது. அவர் இன்னும் குளிக்காததால் அது காய்ந்தே இருந்தது. பிடுங்காத குறையாக அதை வாங்கி மார்பைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கத் தோலில் மினுமினுப்பு மட்டும் போகவில்லை. நன்றாக ஊறிப்போன எண்ணெய். அண்ணாச்சி விடாமல் அமுக்குகிறார், சிஸ்டர் விடாமல் எண்ணுகிறார், ஓரத்தில் அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுகிறார். இந்தக் கடைசி ஜோடியும் ஒட்டாமல் போனால் இந்த மனிதர் நம் கண் முன்னாலேயே போய்விடுவார்.

அப்போதுதான் எண்ணெய்க் குளியல் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் எண்ணெயை எப்படி எடுப்போம்?

"ஏம்மா, குளிக்க மாவு கொண்டு வந்தீங்களா?"

அந்த அம்மா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்தார். "கடல மாவு டாக்டரம்மா... இது எதுக்கு இப்ப?"

"ஏட்டி, கேக்காத, குடு!" என்று அவருடைய அண்ணன் அதட்டினார்.

பட்டை ஒட்ட வேண்டிய இரண்டு இடத்திலும் மாவைக் கொட்டி அழுத்தித் தேய்த்தேன். எண்ணெயை உறிஞ்சி மாவு உருண்டையாகத் திரண்டு வந்தது. துண்டின் காய்ந்த பக்கத்தால் ஒரு துளி மாவு இல்லாமல் வழித்துத் துடைத்தேன். சிஸ்டர் புதிய பட்டைகளை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். ஒட்டிக்கொண்டன. எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு ஷாக் கொடுத்தோம். துடிப்பு திரும்பவில்லை. மறுபடி அமுக்கினோம். இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு திரையில் கோடு ஒழுங்காக ஏறி இறங்க ஆரம்பித்தது. கழுத்தைத் தொட்டால் நாடி என் விரலை முட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் அவர் முனகினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்றே ஆம்புலன்சில் திருநெல்வேலிக்கு அனுப்பி, அங்கே அவருக்கு இதயத்தின் அடைப்பை எடுத்தார்கள். சில வாரம் கழித்து, மனைவியோடு நடந்தே எங்கள் வாசலுக்கு வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் நெகிழ்ந்துபோய் நிற்கையில் மனிதர் கேட்டார்:

"எண்ணெயும் ஊத்தி, கடல மாவும் போட்டு, என்னைய பஜ்ஜி போடப் பாத்தீயளாமே டாக்டரம்மா?"

வார்டே சிரித்தது. "வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்" என்று அந்த அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

பயிற்சி கொடுத்த டாக்டரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவார் என்று பார்த்தால் முதலில் திட்டுதான் விழுந்தது. காய்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதுதான் முறை, மாவெல்லாம் வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி ஆயுதம், அதை ஒரு பாடமாக்கிவிடாதீர்கள் என்றார். பிறகு, "நான் இத்தனை நாளும் சுத்தமான பொம்மையை வச்சுத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன், இல்ல?" என்று கேட்டார். அடுத்த முறை தென்காசிக்கு வந்தபோது நல்லெண்ணெய் பாட்டிலோடு வந்து, எங்கள் கண் முன்னாலேயே அந்தப் பொம்மையை எண்ணெயில் குளிப்பாட்டினார். பட்டையை ஒட்டத் தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே!

இப்போது எந்த நாட்டுக்குப் போனாலும், உங்கள் ஊர் நோயாளி எந்தக் கோலத்தில் வருவார் என்றுதான் வகுப்பை ஆரம்பிக்கிறாராம். ஒரு நாள் வீடியோவில் என்னையும் உட்கார வைத்துப் பேசச் சொன்னார். எதிரே ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டு டாக்டர்கள். பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கிறது அவர்கள் மருத்துவமனை. என் கதையைக் கேட்டுச் சிரித்து முடித்ததும், ஓர் இளம் டாக்டர் எழுந்து, எங்களுக்கு எண்ணெய் இல்லை, வலை இழுக்கும்போது விழுகிறவர்கள் உடம்பெல்லாம் ஈர மணலோடு வருவார்கள் என்றார். சொன்னதோடு நில்லாமல் வெளியே ஓடி ஒரு வாளி மணலை அள்ளி வந்து அவர்களுடைய பொம்மையின் மேல் கொட்டினார். தண்ணீரையும் ஊற்றிவிட்டு, எல்லோரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதைச் சுற்றி முட்டி போட்டார்கள்.

அன்று எனக்கு மாவை யோசிக்க முடிந்ததே, அண்ணாச்சியின் கையும் சிஸ்டரின் வாயும் யாரும் சொல்லாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான். அது அந்த மண்டபத்தில் முட்டி தேய்ந்ததால் வந்தது. வேலை அலுத்துப்போகிற நாட்களில், நான் ஒருநாளும் பார்க்கப் போகாத அந்த ஏரிக்கரையில் யாரோ ஒரு மீனவரின் மார்பிலிருந்து மணலைத் துடைத்துவிட்டு, நின்றுபோன உயிரை ஒரு டாக்டர் திரும்பப் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். உடனே எழுந்து அடுத்த நோயாளியைக் கூப்பிடத் தெம்பு வந்துவிடுகிறது.