இன்ஜின் பெட்டியின் சூடு

மார்கழி வந்தால் எனக்கு மூச்சு இழுக்கும். காதில் பஞ்சு, கழுத்தில் மஃப்ளர், வயிற்றில் மிளகுப் பால் என்று எத்தனை செய்தாலும், சேரப்பணஞ்சேரியில் விடியற்காலைப் பேருந்துக்கு நிற்கும்போது பனி நெஞ்சுக்குள் இறங்கிவிடும். டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் உட்கார இடம் கிடைத்தால்தான் பிழைப்பேன்.

அங்கே தினமும் ஒரு பெண் எனக்கு முன்பே ஒரகடத்தில் ஏறி உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்தால் போதாதா? இரண்டு உள்ளங்கையையும் பரப்பி மிச்ச இடத்தையும் பிடித்துக்கொள்வாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "இன்னாம்மா, உங்க வூட்டு அடுப்பா இது? கையை எடு, எனக்கு மூச்சு முட்டுது."

எடுத்தாள். அப்போதுதான் வந்த கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினார். வாங்கினாள், நழுவியது. மறுபடி கொடுத்தார், மறுபடி நழுவியது. அவள் விரல்கள் மடங்கவேயில்லை.

"ஐஸ் ரூம்ல நைட் ஷிஃப்ட்டு அக்கா, கோழி பேக்கிங். கிளவுஸ் கிழிஞ்சி போச்சி. கேட்டா நாளைக்கு, நாளைக்குன்றாரு சூப்பர்வைசர்" என்றாள். "சித்திரையிலகூட எனக்கு இப்டிதான்."

எரிச்சல் அடங்கவில்லை; ஆள்தான் மாறியது. முகம் தெரியாத அந்த சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டே மஃப்ளரைக் கழற்றி அவள் கைகளில் சுற்றினேன்.

"உங்களுக்கு இழுக்குமேக்கா."

இழுக்கத்தான் செய்தது. ஆனால் என் குளிர் தை பிறந்தால் போய்விடும். அவளுடைய குளிருக்கு மாதமே கிடையாது என்பதை நினைத்தால் எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.